கணினிப் போர் விளையாட்டும் சிலிம் ரிவர் சமரும்

போர் உத்தியை அடிப்படையாகக் கொண்ட கணினி விளையாட்டுகள் படை வரலாற்றைக் கற்பிக்க உதவுமா என்னும் வினாவை ஆராய, கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிலிம் ரிவர் தக்க சான்றாகும்.

1942 ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன், ஜப்பானியர் டாங்கிகளை முன்னிறுத்திப் பெருஞ்சாலை வழியே தாக்கினர். 11ஆம் இந்தியப் படைப்பிரிவின் இரு பிரிகேடுகள் சில மணி நேரத்தில் சிதறுண்டன. ஜனவரி 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது.

இச்சமரை விளையாட்டாக அமைப்பின், நிலவமைப்பையும் சாலையின் இன்றியமையாமையையும் டாங்கியின் விரைவையும் மாணவர் எளிதில் உணர்வர். ஆயின், தோல்வியின் காரணங்கள் இவற்றோடு முடிவதில்லை. வாரக்கணக்கில் பின்வாங்கிய வீரர்கள் உறக்கமின்றிச் சோர்ந்திருந்தனர். தொடர்பு அறுந்தமையால், பின்னால் நின்ற படையினர் டாங்கிகள் நெருங்கும்வரை அவற்றின் வரவை அறியவில்லை. விளையாட்டுகள் பல, பகைவரை மறைத்துவைப்பினும் தன் படையின் இருப்பிடத்தை விளையாடுபவருக்கு எப்போதும் காட்டுகின்றன. அன்றைய தளபதிகளுக்கு அவ்வறிவு வாய்க்கவில்லை.

மேலும், சமர் முடிந்ததும் விளையாட்டு முடிந்துவிடுகிறது. வரலாற்றிலோ, அதன்பின்னரே மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர், 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இரயில் பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவருள் மீளாதோர் பலர். வெற்றிப் புள்ளிகளில் இவர்களுக்கு இடமில்லை.

எனவே, கிள்ளான் பள்ளத்தாக்கின் ஆசிரியர்கள் இவ்விளையாட்டுகளை விலக்க வேண்டுவதில்லை. திரையில் காட்டப்படாதவை யாவை என மாணவரைப் பட்டியலிடச் செய்தல் பயன்தரும். அப்பட்டியலில் அவர்தம் பூட்டனார் பெயரும் இடம்பெறக்கூடும்.