கழுத்துக்குள் ஒரு பனியன் கம்பெனி!

குட்டீஸ்! காலையில் எழுந்ததும் உங்கள் அம்மாவோ, அம்மிச்சியோ, சித்தியோ ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, குட்டி மாத்திரை ஒன்றைத் தண்ணீரில் விழுங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? "டீ குடிச்சுட்டுப் போட்டா ஆகாதா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆகாது கண்ணு, இது தைராய்டு மாத்திரை. வெறும் வயித்துல போட்டு, அரை மணி நேரம் கழிச்சுத்தான் டீ" என்று பதில் வரும்.

இந்தியாவின் எட்டு நகரங்களில் பெரியவர்களைப் பரிசோதித்து, 2013ல் ஒரு ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். அதில் நம் சென்னையும் உண்டு. நூறு பேரில் சுமார் 11 பேருக்குத் தைராய்டு சரியாக வேலை செய்யவில்லை, மந்தமாக இருக்கிறது என்று தெரிந்தது. அப்படியென்றால் உங்கள் தெருவிலேயே நான்கைந்து டப்பாக்கள் இருக்கும்!

சரி, தைராய்டு என்பது ஒரு நோயின் பெயரா? இல்லை. அது உங்கள் எல்லோருக்கும் இருக்கும் ஒரு சுரப்பி. குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயைக் கட்டிப் பிடித்தபடி, பட்டாம்பூச்சி இறக்கை விரித்தது போல உட்கார்ந்திருக்கிறது. பெரியவர்களுக்கே இதன் எடை 15 முதல் 20 கிராம்தான். நல்ல நிலையில் இருந்தால் கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாது.

நூல் வந்தால்தான் வேலை!

திருப்பூர் பிள்ளைகளுக்கு இதைப் புரிய வைப்பது ரொம்ப சுலபம். தைராய்டு ஒரு பனியன் கம்பெனி!

கம்பெனிக்கு முதலில் என்ன வேண்டும்? நூல். தைராய்டுக்கு அந்த நூல், அயோடின் என்ற சத்து. நாம் சாப்பிடும் உணவிலிருந்து ரத்தத்துக்கு வரும் அயோடினை இந்தச் சுரப்பி தேடித் தேடி உள்ளே இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் இருப்பதைப் போல 20 மடங்குக்கும் மேல் தன்னிடம் சேர்த்து வைக்கும். பலே கெட்டிக்காரச் சுரப்பி!

பிறகு தயாரிப்பு. இங்கே தயாராகும் சரக்குகள் இரண்டு. ஒன்றின் பெயர் டி4, இன்னொன்று டி3. (டி-ஷர்ட் என்று நினைத்துவிடாதீர்கள்!) இவற்றை ஹார்மோன்கள் என்பார்கள். டி4ல் நான்கு அயோடின் அணுக்கள் ஒட்டியிருக்கும், நான்கு பட்டன் தைத்த சட்டை மாதிரி. டி3ல் மூன்று பட்டன். கம்பெனியிலிருந்து அதிகமாக வெளியே போவது டி4தான். ஆனால், அது கல்லீரல் போன்ற இடங்களுக்குப் போனதும் அங்கே ஒரு பட்டனைக் கழற்றிவிட்டு டி3 ஆக மாற்றிக்கொள்கிறார்கள். உண்மையில் வேலை செய்வது டி3.

தயாரான சரக்கு முழுவதும் உடனே லாரி ஏறிவிடாது. இரண்டு, மூன்று மாதத்துக்குப் போதுமான அளவு சுரப்பியின் குடோனிலேயே இருப்பு இருக்கும்.

எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று சொல்வது யார்? கம்பெனியில் மெர்ச்சன்டைசர் இருப்பாரே, போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு "சரக்கு ஆச்சா? ஆச்சா?" என்று விரட்டுபவர்! உடம்பில் அந்த வேலையைப் பார்ப்பது மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி. ரத்தத்தில் டி4 குறைந்தால் அது டி.எஸ்.எச். என்ற செய்தியை அனுப்பும். அதிகமானால் போனை வைத்துவிடும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் டி.எஸ்.எச். என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். அந்த எண் மிகவும் அதிகமாக இருந்தால், மெர்ச்சன்டைசர் கத்திக்கொண்டே இருக்கிறார், கம்பெனியிலிருந்து சரக்கு வரவில்லை என்று பொருள்.

தலைப்பிரட்டை ரகசியம்

இந்த ஹார்மோன்கள் போய் என்னதான் செய்கின்றன? உடம்பின் ஒவ்வொரு மூலைக்கும் வேகத்தைச் சொல்கின்றன. இதயம் எத்தனை முறை துடிக்க வேண்டும், உடம்பில் எவ்வளவு சூடு இருக்க வேண்டும், தின்ற இட்லி எவ்வளவு சீக்கிரம் செரிக்க வேண்டும், எலும்பு எவ்வளவு வளர வேண்டும் எல்லாமே இதில் அடக்கம்.

1912ல் குடர்னாட்ச் என்ற விஞ்ஞானி, தவளையின் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டைத் தின்னக் கொடுத்தார். என்ன ஆச்சு தெரியுமா? அவை வளர்ந்து பெரிதாவதற்குள் அவசர அவசரமாக வால் சுருங்கி, கால் முளைத்து, ஈ அளவுக்குக் குட்டித் தவளைகளாகிவிட்டன! உருவம் மாறும் நேரத்தைத் தைராய்டுதான் தீர்மானிக்கிறது என்று அப்போது புரிந்தது.

மனிதக் குழந்தைக்கு வால் இல்லை. ஆனால் மூளை இருக்கிறது. அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதும், பிறந்த முதல் இரண்டு, மூன்று வருடங்களிலும் மூளை வளர இந்த ஹார்மோன் கட்டாயம் வேண்டும். முதல் மூன்று மாதங்களில் கருவில் இருக்கும் பாப்பாவின் தைராய்டு வேலையே தொடங்கியிருக்காது. முழுக்க முழுக்க அம்மா கொடுப்பதுதான். அதனால்தான் கர்ப்பமாக இருக்கும் அத்தைக்கும் அக்காவுக்கும் டாக்டர்கள் தைராய்டு பரிசோதனை எழுதுகிறார்கள்.

கழுத்து ஏன் வீங்குகிறது?

இப்போது ஒரு கணக்கு. கம்பெனிக்கு நூல் வரவில்லை. ஆனால் மெர்ச்சன்டைசர் விடாமல் போன் செய்கிறார். முதலாளி என்ன செய்வார்? இன்னும் நாலு மிஷின் போடுவார், ஷெட்டை நீட்டுவார், ஆள் சேர்ப்பார். நூலே இல்லாமல் என்ன பிரயோஜனம்? கட்டடம் மட்டும் பெரிதாகும்!

அயோடின் கிடைக்காத தைராய்டும் இதைத்தான் செய்கிறது. டி.எஸ்.எச். விரட்ட விரட்ட வீங்கிக்கொண்டே போகும். கழுத்தின் முன்னால் எலுமிச்சை, ஆரஞ்சு அளவுக்குக்கூடப் புடைத்துவிடும். இதுதான் முன்கழுத்துக் கழலை.

நூல் இருந்தும் கம்பெனி நின்றுபோவதும் உண்டு. திருடனைப் பிடிக்க வைத்த வாட்ச்மேன், ஆள் தெரியாமல் டெய்லர்களையே அடித்தால் எப்படி? நோய்க்கிருமிகளை எதிர்க்கும் நம் உடம்பின் காவல் படை சிலருக்குத் தைராய்டையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. இதை 1912ல் கண்டு எழுதிய ஜப்பானிய டாக்டரின் பெயரால் ஹஷிமோட்டோ நோய் என்கிறார்கள். நம் ஊர்களில் இன்று மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் பலருக்குக் காரணம் இதுதான். இது அயோடின் குறைவால் வருவதல்ல. பெண்களுக்கே அதிகம் வருகிறது.

சரக்கு குறைந்தால் எப்போதும் அசதி, குளிர் தாங்காது, மலச்சிக்கல், தோல் வறட்சி, உடம்பு போடும். உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு வந்தால் உயரம் நின்றுவிடும். போன வருட யூனிபார்ம் இந்த வருடமும் கச்சிதமாக இருக்கும்! வகுப்பில் தூங்கி வழிவார்கள். "சோம்பேறி" என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் தேவைப்படுவது ஒரு ரத்தப் பரிசோதனை.

சரக்கு அளவுக்கு மீறினாலும் தொல்லைதான். மூன்று ஷிப்ட்டும் மிஷின் ஓடுகிற மாதிரி நெஞ்சு படபடக்கும், விரல் நடுங்கும், வேர்க்கும், நிறையச் சாப்பிட்டும் இளைத்துப் போவார்கள். சிலருக்குக் கண்கள் வெளியே தள்ளியது போலத் தெரியும். இதற்கு வேறு மருந்து, வேறு வைத்தியம்.

குன்னூரில் இருந்த இருவர்

கழலைக்குக் காரணம் என்ன என்று தேடியவர்களில் இரண்டு பேருக்கு நம் பக்கத்து மலையோடு தொடர்பு உண்டு.

ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ டாக்டர் நூறு வருடங்களுக்கு முன் வடக்கே, அன்றைய காஷ்மீர் சமஸ்தானத்தின் கில்கிட் பகுதியில் வேலை பார்த்தார். அங்கே ஒரே வாய்க்கால் தண்ணீரைப் பல கிராமங்கள் வரிசையாகக் குடித்தன. மேல் கிராமத்தில் கழலை குறைவு. கீழே வர வர அதிகம்! தண்ணீரில் ஏதோ கிருமி இருக்கிறது என்று அவர் சந்தேகப்பட்டார். அந்தத் தண்ணீரை வடிகட்டிக் கிடைத்த கசடைத் தானே குடித்தும் பார்த்தார். அடேங்கப்பா, என்ன தைரியம்! அசுத்தமான தண்ணீர் கழலையைக் கூட்டலாம். ஆனால் பெரிய காரணம் கிருமி இல்லை, அயோடின் குறைவு என்பது பிறகு உறுதியானது. மெக்கரிசன் 1918ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரே ஒரு அறையில் ஊட்டச்சத்து ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958ல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

அதே குன்னூர் ஆய்வகத்தில் இளம் வயதில் பணியாற்றியவர் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி. ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்தில் பிறந்தவர். 1956ல் அவரும் அவருடைய குழுவினரும் இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்குக்குப் போனார்கள். அங்கே மூன்றில் ஒருவருக்கும் மேல் கழுத்தில் கழலை! பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிக்கு அயோடின் கலந்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. 1962ல் திரும்பக் கணக்கெடுத்தால், அயோடின் உப்பு தின்ற இரண்டு பகுதியிலும் கழலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. மூன்றாவது பகுதியில் குறையவே இல்லை. விடை தெரிந்த பிறகு காத்திருக்கவில்லை, அந்தப் பகுதிக்கும் அயோடின் உப்பு கொடுத்துவிட்டார்கள். அதே 1962ல் நாடு முழுவதற்குமான கழலைத் தடுப்புத் திட்டமும் தொடங்கியது.

இரண்டு உப்பு, இரண்டு வேலை

"மலையில் இருப்பவர்களுக்குத்தானே இது? நமக்கென்ன?" என்று கேட்கிறீர்களா? மழை பெய்யும்போதெல்லாம் மண்ணில் இருக்கும் அயோடின் கரைந்து ஆற்றோடு போகிறது. வெள்ளியங்கிரியில் பிறந்து நம் ஊர் வழியாக ஓடும் நொய்யலும் காவிரியில் சேர்ந்து கடலுக்கே போகிறது. மண்ணில் இல்லையென்றால் அங்கே விளையும் காய்கறியில் எப்படி இருக்கும்?

அப்படியானால் கடல் உப்பில் நிறைய இருக்குமே! இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கடலில் அயோடின் உண்டு, ஆனால் மிகச் சொற்பம். பாத்தியில் காய்ந்து எடுத்த உப்பில் நமக்குப் போதுமான அளவு இருப்பதில்லை. அதனால் ஆலையில் பொட்டாசியம் அயோடேட் என்ற பொருளைத் தனியாகத் தெளித்துக் கலக்கிறார்கள். நம் கைக்கு வரும்போது ஒரு கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. அயோடின் கலக்காத உப்பைச் சாப்பிடுவதற்காக விற்கக் கூடாது என்ற தடை 2006 முதல் நாடு முழுவதும் இருக்கிறது.

திருப்பூரில் இன்னொரு உப்பும் உண்டு. பருத்தித் துணியில் சாயம் நன்றாக ஏறச் சாயப்பட்டறைகளில் உப்பு கொட்டுவார்கள். அடர்ந்த நிறம் என்றால், ஒரு கிலோ துணிக்கு அரை கிலோவுக்கு மேல்கூடப் போகும்! துணிக்குத் தைராய்டு இல்லை, அதனால் அந்த உப்பில் அயோடின் கலப்பதில்லை. பார்வைக்கு இரண்டும் வெள்ளைதான். மூட்டையில் அள்ளி, பெயரில்லாத கவரில் கட்டிக் கொடுக்கும் உப்பு எந்த வகை என்று நாக்குக்குத் தெரியாது.

2018-19ல் நாடு முழுவதும் வீட்டு உப்பைச் சோதித்தார்கள். போதுமான அயோடின் உள்ள உப்பு இந்திய அளவில் நூற்றுக்கு 76 வீடுகளில் இருந்தது. தூத்துக்குடி, வேதாரண்யம் என்று உப்பளங்கள் நிறைந்த நம் தமிழ்நாட்டில் 62 வீடுகளில்தான்! மாநிலங்களில் நாம் கடைசி வரிசை.

இத்தனைக்கும் தேவைப்படுவது கொஞ்சம்தான். 6 முதல் 12 வயதுள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 120 மைக்ரோகிராம். 70 வருடம் வாழும் ஒருவருக்கு ஆயுள் முழுவதும் தேவைப்படுவதைச் சேர்த்தால் ஒரு டீஸ்பூன்கூட நிரம்பாது. அதற்காக உப்பை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம். அது ரத்த அழுத்தத்தைக் கூட்டிவிடும். வழக்கமாகப் போடும் உப்பு அயோடின் உப்பாக இருந்தாலே போதும். முட்டைக்கோஸ் தின்றால் தைராய்டு வரும் என்று பயமுறுத்துகிறார்களே? அயோடின் சரியாகக் கிடைப்பவர்கள் சமைத்த கோஸைப் பயமில்லாமல் சாப்பிடலாம்.

பாப்பாவின் குதிகால்

சுமார் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று, தைராய்டு சரியாக இல்லாமலே பிறக்கிறது. பார்த்தால் ஒன்றும் தெரியாது. நன்றாகத் தூங்கும், அதிகம் அழாது. "எங்க பாப்பா ரொம்பச் சமத்து" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள்! மாதங்கள் கழித்து, பாப்பா தலை நிற்கவில்லை, உட்காரவில்லை என்று தெரியும்போது மூளைக்கு நேர்ந்த நஷ்டத்தைச் சரிசெய்ய முடியாமல் போகலாம். ஆனால், பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஊசியால் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் உண்மையைச் சொல்லிவிடும். இரண்டு வாரத்துக்குள் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கத் தொடங்கினால், அந்தப் பாப்பா உங்களைப் போலவே வளர்ந்து, படித்து, சண்டையும் போடும். வீட்டில் தம்பியோ தங்கையோ பிறந்தால், "குதிகால் ரத்தப் பரிசோதனை எடுத்தாச்சா?" என்று நீங்களே கேளுங்கள்.

அந்த மாத்திரை ஒன்றும் புதுமையான மருந்து அல்ல, நம் சுரப்பி செய்யும் அதே டி4தான். 1891ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் முர்ரே என்ற டாக்டர், ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். மிகவும் மோசமாக இருந்த அந்தப் பெண், அதற்குப் பிறகு 28 வருடங்கள் வாழ்ந்தார். இன்று ஆடு தேவையில்லை, தொழிற்சாலையிலேயே டி4 தயாராகிறது. உங்கள் வகுப்பில் யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டால் தள்ளி உட்காராதீர்கள். இது ஒட்டுவாரொட்டி இல்லை.

சரி, இன்று சாயங்காலம் சமையலறையில் ஒரு துப்பறியும் வேலை! உப்புப் பாக்கெட்டைத் தேடி எடுங்கள். சிரிக்கும் சூரியன் படம் இருக்கிறதா? 'அயோடின் கலந்தது' என்று அச்சடித்திருக்கிறதா? கல்லுப்பிலும் அயோடின் கலந்தது கிடைக்கிறது, படித்துப் பார்த்தால் தெரியும். உப்பு ஜாடிக்கு மூடி இருக்கிறதா, அடுப்பு ஓரத்திலோ ஈரத்திலோ இருக்கிறதா என்றும் பாருங்கள். திறந்து கிடந்தாலும் தண்ணீரில் கழுவினாலும் அயோடின் போய்விடும். பாக்கெட் இல்லாத உப்பு என்றால் ஒரு ஸ்பூன் காகிதத்தில் மடித்துப் பள்ளிக்கு எடுத்துப் போய் அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள். சுகாதாரப் பணியாளர்களிடம் உப்புப் பரிசோதனைச் சொட்டு மருந்து உண்டு. உப்பின் மேல் ஒரு சொட்டு விட்டதும் நீலமாக மாறினால் அயோடின் இருக்கிறது. வெள்ளையாகவே இருந்தால் கடையை மாற்றச் சொல்லுங்கள்.