குசினி மேடைக்குள் பூட்டிவைத்த சிலிண்டர்

லண்டனிலோ சூரிச்சிலோ இருக்கும் மகள் தன் வீட்டுக் குசினியைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினால், முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்றிலும் முள்ளியவளையிலும் மேசன்மாருக்கு வேலை பிறந்துவிடும். நீளமாக ஒரு மேடை, மேலே கிறனைற், முன்னால் உயரக் கதிரை இரண்டு, கீழே முழுக்கக் கதவு போட்ட கபட். அங்கே மேடைக்குக் கீழே சுவரோடு இருப்பது வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர். அதன்மேல் பலகை போட்டால் சூடு தடைப்படும், பலகை வளையும் என்பதுதான் அங்குள்ளவர்களுடைய கவலை. எங்கள் மேடைக்குக் கீழே இருப்பதோ 12.5 கிலோ காஸ்.

சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் புகைபோல மேலே போகாது. தரையோடு படர்ந்து தாழ்ந்த மூலையில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். திறந்த குசினியில் சிறு கசிவு கதவு நீக்கலால் கலைந்துவிடும். மூன்று பக்கம் சீமெந்தும் ஒரு பக்கம் கதவுமாக அடைத்த கபட்டுக்குள் அது இரவிரவாகச் சேரும். விடியத் தேத்தண்ணி வைக்கக் கதவைத் திறக்கும்போது அவ்வளவும் காலடியில் கொட்டும். நெருப்புக்குச்சிதான் வேண்டுமென்றில்லை. சாமி விளக்கு, நுளம்புத்திரி, அதே மேடைக்குக் கீழே செருகிய குளிர்சாதனப் பெட்டி தானாக ஓடத் தொடங்கும்போது உள்ளே வரும் சிறு பொறி, எதுவும் போதும்.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இலங்கை முழுவதும் அடுப்புகளும் காஸ் இணைப்புகளும் வெடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் அரசு அமைத்த குழு, காஸின் கலவை மாற்றப்பட்டதையே முக்கிய காரணமாகச் சொன்னது. கலவையில் புரோப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கமும் கூடும்; பழைய ரியூப்பும் தேய்ந்த வாஷரும் அதைத் தாங்காது. கலவையை மாற்றியவர்கள் சமைக்கிற பெண்ணுக்கு அதைச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். அடுத்த ஆண்டு ஏப்ரலில் சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியது, வரிசையும் நீண்டது. அப்போது ஒன்றை மேலதிகமாக வாங்கி ஒளித்துவைக்கும் பழக்கம் வந்தது. அந்த இரண்டாவது சிலிண்டரும் பல வீடுகளில் இந்தக் கபட்டுக்குள்தான்.

5,50,000 ரூபாய் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய சின்னக் குசினி என்றாலும் மேடை போடலாம், தவறில்லை. சிலிண்டர் நிற்கும் அறைக்கு மட்டும் கதவு வேண்டாம். அழகுக்குக் கதவுதான் வேண்டுமென்றால் அடியில் தரையோடு ஒரு கல்லளவு இடைவெளி விட்டு, வெளிச்சுவரிலும் தரைமட்டத்தில் துளை வைத்துக் கம்பிவலை அடியுங்கள். மேலே வைக்கும் துளையால் பயனில்லை. ரியூப்புக்காக மேடையில் போடும் ஓட்டையின் விளிம்பைச் சிராய் இல்லாமல் தேய்க்கச் சொல்லுங்கள். கிறனைற் விளிம்பு ஒவ்வொரு நாளும் உரசி உரசி இறப்பரை அறுக்கும். மிச்சத்தை எலி பார்த்துக்கொள்ளும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்கட்டும். ரியூப்பும் றெகுலேட்டரும் எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ளவையாக இருக்கட்டும். ரியூப்பை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். புதுச் சிலிண்டர் பூட்டியதும் சவர்க்கார நுரையை இணைப்பில் தடவிப் பாருங்கள். குமிழி ஊதினால் கசிகிறது. நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்!

மணம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடக்கூடாது. போடவும் கூடாது, நிற்பாட்டவும் கூடாது. விளக்கு, திரி எரிந்தால் உடனே அணைத்து, றெகுலேட்டரைப் பூட்டி, கதவு யன்னலைத் திறந்து, எல்லாரும் முற்றத்துக்கு வந்த பிறகுதான் போன். லிட்ரோ காஸ் நிறுவனத்துக்கு 1311, அம்புலன்ஸுக்கு 1990.

பிழை விற்றவருடையது என்றால் கேட்பதற்குச் சட்டம் உண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுத் தந்தே ஆகவேண்டும். பழுதான பொருளுக்கு மாற்றுப் பொருளோ காசோ நட்டஈடோ கொடுக்கும்படி அதிகாரசபை கட்டளையிடலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில் போகவேண்டும். அதுவும் பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள். எங்கள் ஆட்கள் தவறவிடுவது இந்த மூன்று மாதத்தைத்தான். விசாரிக்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. சிலிண்டர் நிறை குறைவென்று பட்டால், அதில் பொறித்திருக்கும் வெற்று நிறையோடு 12.5 ஐக் கூட்டி, கடையிலேயே தராசில் வைக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மேசனோடு தகராறு என்றால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். சட்டத்தரணிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. பேசியது என்னவென்று அங்கே காட்ட வசதியாக, வேலை தொடங்க முன்னரே மேடையின் அளவு, துளை வைக்கும் இடம், கூலி மூன்றையும் ஒரு கொப்பித் தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். குசினியை வெளியே நீட்டிக் கட்டுவதானால் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபையின் அனுமதியும் வேண்டும். விபத்து நடந்துவிட்டால் பொலிஸில் முறைப்பாடு பதிந்து, கருகின ரியூப்பையும் றெகுலேட்டரையும் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். வீட்டைக் கழுவித் துடைக்கும் அவசரத்தில் அவை குப்பைக்குப் போய்விட்டால், காஸ்காரர் மேசனைக் காட்டுவார், மேசன் காஸ்காரரைக் காட்டுவார்.