முக்கோணவியலும் இணையமும்

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் தொடக்கக் கல்வி முடித்த பிள்ளைகள், மூன்றாம் படிவத்தில் முக்கோணவியல் விகிதங்களைப் பெரும்பாலும் மலாய்மொழியிற் கற்கின்றனர். தோட்டப்புறங்களிலிருந்து செல்வோர்க்குக் கணக்கைவிடச் சொல்லே தடையாதலும் உண்டு.

இத்தடையை நீக்க இணையத்தில் இரு துணைகள் உள. ஒன்று, தமிழ்நாட்டு அரசின் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணித நூல்கள். முக்கோணவியலைத் தமிழில் விளக்கும் இவற்றை விலையின்றிப் பெறலாம். மற்றொன்று, 2001-இல் ஆஸ்திரியாவின் சால்சுபர்க்கில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் உருவாக்கத் தொடங்கிய ஜியோஜீப்ரா. அதில் 30 பாகைக் கோணமுடைய செங்கோண முக்கோணத்தை வரைந்து, கோணம் மாறாமல் எத்துணை பெரிதாக்கினும், அக்கோணத்தின் எதிர்ப்பக்கம் கர்ணத்திற் பாதியாகவே நிற்கும். 30 பாகையின் சைன் மதிப்பு 0.5 என்பதன் பொருள் இதுவே.

இதனைத் தமிழில் உணர்த்தியபின், எதிர்ப்பக்கமே ‘சிசி பெர்தெந்தாங்கான்’, கர்ணமே ‘ஹிப்போதெனுஸ்’ என ஆசிரியர் இணைத்துக் காட்டல் வேண்டும். பொருள் விளங்கிய பிள்ளைகள் எம்மொழி வினாவுக்கும் அஞ்சார்.