யார் முதலில் வாசிப்பது?

வீட்டில் உட்கார்ந்து பாட்டுப் பதிவது இன்று பெரிய சங்கதியில்லை. 1979இல் டியாக் நிறுவனம், கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதியும் போர்ட்டாஸ்டுடியோவைக் கொண்டுவந்தபோதே ஸ்டுடியோவின் அதிகாரம் கொஞ்சம் உடைந்தது. இப்போது கணினி போதும். முதலில் ஒரு வாத்தியம், அதைக் காதில் கேட்டபடி அடுத்த தடத்தில் இன்னொன்று, அதன்மேல் குரல். தனியாள்கூட ஒரு கோஷ்டியாகிவிடலாம்.

ஆனால் இந்த வரிசை அப்பாவித்தனமான தொழில்நுட்பம் அல்ல. முதல் தடம் எதுவோ, மற்றதெல்லாம் அதற்குப் பணிந்தே ஒலிக்க வேண்டும். வழக்கமாக அந்த இடத்தில் இருப்பது 'கிளிக்': கடிகாரம் போல மாறாமல் அடிக்கும் ஒலி.

அவலூர்பேட்டையில் நண்பர் வீட்டில், ஜன்னலுக்குப் போர்வை கட்டி, யுகலேலே, பம்பை, உடுக்கை, முகவீணை சேர்த்து ஒரு பாட்டைப் பதிந்தோம். கிளிக்கைக் காதில் மாட்டியதுமே பம்பைக்காரர் கழற்றி வைத்துவிட்டார். "இது எப்ப ஏறும், எப்ப எறங்கும்னு சொல்லுங்க தம்பி, அடிக்கிறேன்." அவர் கேட்டது கோட்பாட்டுக் கேள்வி. மேல்மலையனூர் அங்காளம்மன் வர்ணிப்பில், பாடுகிறவரின் மூச்சைப் பார்த்துத்தான் அடி விரைகிறது. சாமி வருவதும் அந்த விரைவில்தான். கிளிக்கின் சொல்லாடலில் அந்த ஏற்றம் வெறும் 'பிழை'.

ஆகவே வரிசையைக் கவிழ்த்தோம். பாடுகிறவரும் பம்பையும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், கிளிக் இல்லாமல். பம்பையிலிருந்து மைக்கை நாலைந்து அடி தள்ளி வைத்தோம். கிட்டே வைத்தால் அடி உடைந்து பதிவாகும். ஒருவர் மைக்கில் மற்றவர் ஒலி கசிந்தது. கசியட்டும், அது கூடியிருத்தலின் தடயம். அடுத்து உடுக்கை, முகவீணை. யுகலேலே கடைசியில். முகவீணைக்கு ஏற்ப அதன் நான்கு தந்திகளையும் முறுக்கியும் தளர்த்தியும் சுருதி சேர்த்தோம். மறுதலையாகச் செய்ய முடியாது. முகவீணையின் துளைகள் போட்டது போட்டதுதான்.

'நாட்டுப்புறப் பாட்டுக்குள் அந்நிய வாத்தியமா?' என்பார்கள். யுகலேலே உருவானதே 1879இல் மதேராத் தீவிலிருந்து ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்கள் வழியாகத்தான். ஆர்மோனியமும் வெளியிலிருந்து வந்ததே. 1940இல் அகில இந்திய வானொலி அதை விலக்கியது, 1971இல்தான் தளர்த்தியது. கூத்து மேடையோ அதை விடவேயில்லை. தூய்மை என்பது மேலிருந்து கட்டமைக்கப்படுவது. பந்தலில் அதற்கு மதிப்பில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தனித்தடமாகப் பதிந்த பம்பையை வெட்டலாம், நாலு அடியை எடுத்துச் சுழலவிடலாம், வேறு பாட்டுக்கு ஒட்டலாம். அடி இருக்கும், அடித்தவர் இருக்கமாட்டார். பெயரும் இராது, கூலியும் இராது. அதனால் பதிவு முடிந்ததும் தடங்கள் யாரிடம் இருக்கும், யாரைக் கேட்டு எடுப்பது என்று எழுதி, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்டோம்.

பம்பைக்காரர் படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எம் பேரு மொதல்ல வருமா?"

வந்தது. முதலில் வாசித்தவர் அவர்தானே.