பொறி வளர்ந்தால் எழுத்து வாழுமா?

பொறிகள் பெருகப் பெருக மக்கள் வாழ்வும் உயர்ந்துகொண்டே செல்லும் என்பது இக்காலத்தார் பலரது நம்பிக்கை. நேற்றையதினும் இன்றையது மேல். இன்றையதினும் நாளையது மேல் என்பர். இக்கொள்கை எவ்வளவு உண்மை என்று ஆராய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தமிழாசிரியர்கள் நாள்தோறும் கையாளும் எழுத்தையே சான்றாக எடுத்துக்கொள்வோம்.

நம் முன்னோர் ஓலையில் எழுதினர். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும் ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியிடுவதில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். எழுதப்படும் பொருளின் இயல்பு இலக்கண விதியையே ஒதுக்கிவைத்தது! ஓலையைப் பூச்சியும் ஈரமும் அரிக்கும். ஆயினும் அக்குறையே ஒரு நல்ல வழக்கத்தை வளர்த்தது. ஏடு சிதையுமுன் அதனைப் படியெடுத்தல் வேண்டும் என்று நூலுடையார் அனைவரும் அறிந்திருந்தனர். சங்க நூல்கள் நம் கைக்கு வந்தது அங்ஙனம் படியெடுத்தோர் கைவழியேதான்.

பின்னர் அச்சு வந்தது. 1578-இல் கொல்லத்தில் தமிழ் நூலொன்று அச்சேறிவிட்டதெனினும், அச்சு நாடெங்கும் பரவியது 19-ஆம் நூற்றாண்டில்தான். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அச்சின் நன்மையை மறுப்பார் யார்? ஆனால், அச்சு பரவியதும் ஏடெழுதும் தொழில் மறைந்தது. அச்சேறிய நூல் பிழைத்தது. ஏறாத நூலைப் படியெடுக்க ஆளில்லாமற் போயிற்று. வளையாபதிச் சுவடியை முன்னர்த் தாம் கண்டதாகவும், பதிப்பிக்கத் தேடியபோது அஃது அகப்படவில்லை என்றும் ஐயரே குறித்துள்ளார். இன்று அக்காப்பியத்தில் எஞ்சியிருப்பன பிற நூல்களில் மேற்கோளாக வந்த சில பாடல்களே.

இனி, கணினிக்கு வருவோம். கணினி எழுத்தை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை, எண்ணாகவே வைத்துக்கொள்கிறது. 1990-ஆம் ஆண்டுகளில் எழுத்துரு செய்தோர், ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்களில் தமிழ் வடிவங்களைத் தத்தம் விருப்பப்படி அமர்த்தினர். ஒருவர் ககரம் வைத்த இடத்தில் மற்றொருவர் பகரம் வைத்தார். அவ்வெழுத்துரு உள்ள கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் குப்பை.

இக்குழப்பத்தின் விலையை நான் அறிவேன். 1996-இல் என் மாணவர்கள் தோட்டப்புறங்களில் சென்று மூதாட்டியர் பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் எழுதி வந்தனர். அவற்றைக் கணினியில் தட்டச்சு செய்து ஏழு டிஸ்கெட்டுகளில் சேமித்தோம். 'கணினியில்தான் ஏற்றிவிட்டோமே' என்று நோட்டுப் புத்தகங்களைப் பழைய தாளோடு தாளாகப் போட்டுவிட்டேன். படியெடுத்தாயிற்று என்ற துணிவு! சில ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது ஒரு வரியும் படிக்கக் கூடவில்லை. பாடிய பாட்டிமார் இன்று இல்லை. பலர் வாழ்ந்த தோட்டங்களும் இல்லை.

எழுத்துருக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றவர்களில் நம் நாட்டாரும் உண்டு. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் மலேசியாவில் முத்து நெடுமாறனும் ஆற்றிய பணியைத் தமிழுலகம் நன்கறியும். சிங்கப்பூரில் 1997-இலும், சென்னையில் 1999-இலும் அறிஞர்கள் கூடி ஆராய்ந்தனர். 1991-இலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்த ஒருங்குறி, 2000-க்குப் பின் பரவலாகி இன்று நிலைபெற்றுவிட்டது. எந்நாட்டுக் கணினியிலும் ககரம் ககரமே. இது மெய்யான முன்னேற்றம்.

அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து மூன்று என்று வகுப்பில் கற்பிக்கிறோம். ஒருங்குறிக் கணக்கிலோ அவை ஐந்து: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. ஓலை புள்ளியை விட்டது; கணினியோ புள்ளியைத் தனியே எண்ணுகிறது.

இன்று செயற்கை நுண்ணறிவு பேசப்படுகிறது. அது தமிழ் கற்பது பெரும்பாலும் ஒருங்குறியில் உள்ளவற்றிலிருந்துதான். பழைய எழுத்துருவில் முடங்கியவை அதன் கண்ணில் படா. மீண்டும் அதே கதை: ஏறியது பிழைக்கும், ஏறாததைத் தேடுவாரும் இரார்.

ஆசிரிய அன்பர்கள் தம் பள்ளி அலமாரிகளைத் திறந்து பார்ப்பாராக. பழைய பள்ளி மலர்கள், மாணவர் கட்டுரைகள், பாடக் குறிப்புகள் டிஸ்கெட்டுகளில் கிடக்கக்கூடும். எழுத்துருவின் பெயர் தெரிந்தால், ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் இப்போதும் கிடைக்கின்றன. மாற்றிய பின்னரும் தாளில் ஒரு படி எடுத்து வையுங்கள், மூலத்தை எறியாதீர்கள். என் ஏழு டிஸ்கெட்டுகளில் ஐந்தை அவ்வாறே மீட்டேன். மற்ற இரண்டும் எந்த எழுத்துருவில் உள்ளன என்பது இன்னும் விளங்கவில்லை. அவற்றில் இருப்பவை ஒப்பாரிகள்.