உங்களுக்குத் தெரியுமா? ஆனைகட்டியைச் சுற்றிச் சில பள்ளிப் பருவங்கள்

கோயம்புத்தூரிலிருந்து தடாகம் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் போனால் ஆனைகட்டி. ஊரின் இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. நாடறிந்த சலீம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் 1990-இல் தொடங்கப்பட்டது. அது இருப்பது இந்த மலையடிவாரத்தில்தான். இங்கே பறவைகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறார்கள். ஆனால் மையத்தின் பெயருக்குரியவர் ஒரு கல்லூரிப் படிப்பைக்கூட முடித்துப் பட்டம் வாங்கியவரல்ல. தெரியுமா?

பெண்கள் பள்ளியில் ஒரு பையன்

சலீம் அலி 1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் பிறந்தார். வீட்டில் கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையும் மூன்று வயதில் தாயும் போய்விட, தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜி வீட்டில் வளர்ந்தார். குழந்தையில்லாத அந்தத் தம்பதி தங்கள் வீட்டையே அனாதைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். முதல் படிப்பு கிர்காமில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில், இரண்டு அக்காக்களோடு. பிறகு செயின்ட் சேவியர். பதின்மூன்று வயதுவாக்கில் தீராத தலைவலி வந்து அடிக்கடி வகுப்பு தவறியது. காற்று மாறினால் சரியாகும் என்று சிந்து மாகாணத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். 1913-இல் மெட்ரிகுலேஷன் எழுதி, தட்டுத்தடுமாறித் தேறினார்.

ஒரு குருவியும் ஓர் அலமாரியும்

பத்துப் பன்னிரண்டு வயதில் கையிலிருந்த காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார் சலீம். பார்த்தால் வழக்கமான சிட்டுக்குருவி இல்லை. தொண்டையில் மஞ்சள் திட்டு. மாமாவுக்கும் அது என்னவென்று தெரியவில்லை. அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் உறுப்பினர். அங்கே போய்க் கேள் என்று கடிதம் கொடுத்து அனுப்பினார்.

கழகத்தின் செயலாளர் டபிள்யூ. எஸ். மில்லர்ட், ஒரு வெள்ளைக்காரர். பையன் பயந்துகொண்டேதான் உள்ளே போனான். மில்லர்ட் அவனை உட்காரவைத்து, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். அவரோ பறவைகள் பாடம்செய்து வைக்கப்பட்டிருந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார், நூலகத்திலிருந்து புத்தகங்களைக் கொடுத்தார், பறவைத் தோலை உரித்துப் பாதுகாக்கும் வித்தையைக் கற்றுத்தரவும் ஏற்பாடு செய்தார். பின்னாளில் சலீம் அலி எழுதிய தன்வரலாற்றின் தலைப்பே அந்தக் குருவியின் வீழ்ச்சிதான்.

இந்தக் கதையில் மில்லர்டின் அந்த ஒரு பொழுதைத்தான் நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர் ஊர்களில், எழுத்துக் கூட்டும் முன்பே காட்டின் குரல்களைப் பிரித்தறியும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஏந்தி வரும் இறகைப் பார்த்து உட்காரச் சொல்லி, அலமாரியைத் திறக்கும் ஒருவர் ஒவ்வொரு பள்ளியிலும் இருந்தாக வேண்டும்.

காலையில் கணக்கு, பிறகு விலங்கியல்

கல்லூரிக் கணக்கு முதல் ஆண்டே அவரை மிரட்டியது. படிப்பை விட்டுவிட்டுப் பர்மாவின் தவோய்க்குப் போனார். அங்கே குடும்பத்துக்கு டங்ஸ்டன் சுரங்கமும் மரத் தொழிலும் இருந்தன. சுற்றிலும் காடு. தொழிலைவிடப் பறவைகளைத்தான் அதிகம் கவனித்தார். 1917-இல் பம்பாய் திரும்பி தாவர் வணிகக் கல்லூரியில் கணக்கியலும் வணிகச் சட்டமும் படித்தார். இந்தப் பையனுக்கு விலங்கியல்தான் சரி என்று கண்டுகொண்டவர் செயின்ட் சேவியர் கல்லூரியின் பாதிரியார் எதெல்பர்ட் பிளாட்டர். அவர் வற்புறுத்தியதால் காலையில் வணிகம், அது முடிந்ததும் சேவியரில் விலங்கியல் என்று இரட்டைப் படிப்பு நடந்தது.

பட்டம் இல்லையா? வேலை இல்லை

இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் பணிக்கு முயன்றார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் கிடைக்கவில்லை. 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை. 1928-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு பெர்லினுக்குப் பயணம். அங்கே பேராசிரியர் எர்வின் ஸ்ட்ரெஸ்மன் அவரை மாணவராக ஏற்றுக்கொண்டார். தன் குரு என்று சலீம் அலி கடைசிவரை சொன்னது இவரைத்தான். 1930-இல் ஊர் திரும்பினால், நிதி இல்லையென்று பழைய பதவியையே நீக்கியிருந்தார்கள். மனைவி தெஹ்மினாவோடு கடலோரக் கிஹிம் கிராமத்தில் குடியேறி, வீட்டருகே கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் பார்த்துக் குறிப்பெடுத்தார். வேலை போன அந்தக் காலத்தில் செய்த ஆய்வுதான் பறவை ஆய்வுலகில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

பிற்காலத்தில் அலிகார், டெல்லி, ஆந்திரப் பல்கலைக்கழகங்கள் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கின.

திருவிதாங்கூரில் முகாம்

1933-இல் திருவிதாங்கூர் அரசுக்காகப் பறவைக் கணக்கெடுப்பு. மறையூர், மூணாறு, தட்டேக்காடு என்று காடு காடாக முகாம். 1983-இல் தட்டேக்காடு கேரளத்தின் முதல் பறவைகள் சரணாலயமானது, அவர் பெயரிலேயே. ஆனைகட்டிக்கு அடுத்த மலைகளில் உள்ள அமைதிப் பள்ளத்தாக்கை அணையிலிருந்து காக்கக் குரல் கொடுத்தவர்களிலும் அவர் உண்டு.

எல்லாம் கிடைத்த அமெரிக்கப் பையன்

சலீம் அலியோடு சேர்ந்து இந்திய, பாகிஸ்தான் பறவைகள் பற்றிய பத்துத் தொகுதிக் கையேட்டை எழுதியவர் ஓர் அமெரிக்கர்: சிட்னி டில்லன் ரிப்ளி. 1913-இல் நியூயார்க்கில் பிறந்தவர். கொள்ளுத்தாத்தா யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். வீட்டில் எதற்கும் குறைவில்லை. பத்து வயதில் பாரிஸில் குடும்பத்தோடு தங்கியிருந்தபோது பூங்காவில் குடைராட்டினம் ஆடுவார், அலுத்தால் பக்கத்து லூவர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிடுவார். பதின்மூன்று வயதில் அக்காவுடன் இந்தியா வந்து, லடாக் வழியாக மேற்குத் திபெத்வரை நடந்தார். பதின்பருவத்தில் லிட்ச்ஃபீல்டு வீட்டில் நீர்ப்பறவைகளுக்கென்று குளம். யேலில் படித்தது வரலாறு, 1936-இல் பட்டம். அதன் பிறகு பாய்மரக் கப்பலில் நியூ கினிக்குப் பறவை தேடிப் போய்வந்து, 1943-இல் ஹார்வர்டில் விலங்கியல் முனைவரானார்.

1964 முதல் 20 ஆண்டுகள் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குத் தலைமை தாங்கினார். 1967-இல் அருங்காட்சியகங்களுக்கு முன்னால் குழந்தைகள் ஏறி ஆட ஒரு குடைராட்டினத்தை வைத்தவர் இவர்தான்! பாரிஸ் நாட்களை மறக்கவில்லை.

யேல், ஹார்வர்டு முத்திரை பெற்ற ஒருவரும் பட்டமே இல்லாத ஒருவரும் சேர்ந்து எழுதிய அந்தக் கையேடு 1968-இல் தொடங்கி 1974-இல் நிறைவடைந்தது. அட்டையில் முதலில் நிற்கும் பெயர் சலீம் அலி.

பென்சில்வேனியா, ஆனைகட்டி

ஆனைகட்டியில் உள்ள வேதாந்தப் பள்ளியான ஆர்ஷ வித்யா குருகுலத்துக்கு மூத்தது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கிறது. அது 1986, இது 1990. இரண்டையும் நிறுவிய சுவாமி தயானந்த சரஸ்வதி, திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் 1930-இல் பிறந்த நடராஜன். எட்டு வயதில் தந்தை இறந்தார். நான்கு மகன்களில் மூத்தவர். படித்தது குடவாசல் ஜில்லா போர்டு பள்ளியில். சென்னைக்கு வேலை தேடி வந்து ஒரு வாரப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் சுவாமி சின்மயானந்தாவின் வேதாந்தச் சொற்பொழிவுகளைக் கேட்கப் போனார்.

பாலக்காட்டில் ஒரே வகுப்பு

தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி. என். சேஷனும் பொறியாளர் ‘மெட்ரோ’ ஸ்ரீதரனும் வகுப்புத் தோழர்கள். பாலக்காட்டில் பாசல் மிஷன் பள்ளி, பிறகு அரசு விக்டோரியா கல்லூரியில் இன்டர்மீடியட், இரண்டிலும் ஒன்றாகவே. இருவருக்குமே காக்கிநாடா பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஸ்ரீதரன் போனார். சேஷன் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் எடுத்தார், அங்கேயே சில காலம் கற்பித்தார், பிறகு ஐ.ஏ.எஸ்., 1968-இல் ஹார்வர்டில் பொது நிர்வாக முதுகலை. ஸ்ரீதரன் 1964 புயலில் சிதைந்த பாம்பன் ரயில் பாலத்தை 46 நாளில் மீட்டுத் தந்தார். ஒரு சிறுநகரப் பள்ளி ஒரே வகுப்பிலிருந்து நாட்டுக்கு இந்த இருவரையும் கொடுத்திருக்கிறது. பாலக்காட்டார் பெருமைப்படுவது நியாயம்தானே.

இரு கட்சி, ஒரே மாவட்டம்

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வான முதல் இந்திய அமெரிக்கப் பெண் பிரமிளா ஜெயபால், ஜனநாயகக் கட்சி. 2024 அதிபர் தேர்தலுக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளராக முயன்றவர் விவேக் ராமசாமி. இருவரின் குடும்ப வேர்களும் பாலக்காடு மாவட்டத்தில்.

பிரமிளா 1965-இல் சென்னையில் பிறந்தார். இந்தோனேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்தார். பதினாறு வயதில் தனியாக அமெரிக்கா போனார், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் படிக்க. பெற்றோர் வங்கியில் இருந்த கடைசிச் சேமிப்பான 5,000 டாலரை எடுத்துத்தான் அனுப்பினார்கள். அங்கே அவர் ஆங்கில இலக்கியத்தை முதன்மைப் பாடமாகத் தேர்ந்ததைத் தொலைபேசியில் சொன்னபோது தந்தைக்குக் கோபம் வந்ததாம். பதினாறு வயதுப் பெண்ணை இருந்த பணத்தையெல்லாம் திரட்டிக் கடல் கடந்து அனுப்பிய துணிவு அந்தத் தந்தைக்கும் தாய்க்கும் உரியது. அதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்லக் கூடாது.

விவேக் 1985-இல் ஓஹையோவின் சின்சினாட்டியில் பிறந்தவர். வீட்டில் தமிழ். எட்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளி, அதன்பின் ஜெசூட் பாதிரியார்களின் செயின்ட் சேவியர் பள்ளி. ஹார்வர்டில் உயிரியல், யேலில் சட்டம்.

மூன்றாம் வகுப்பு

எம்.ஜி.ஆர். 1917-இல் இலங்கை நாவலப்பிட்டியில் பிறந்தார். தாய் சத்யபாமாவின் ஊர் பாலக்காடு மாவட்டம் வடவன்னூர். தந்தை இறந்தபோது அவர் சிறு குழந்தை. கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. பசியால் நாடகக் கம்பெனிக்குப் போனார். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, சிறுவயதில் தான் பட்டினி கிடந்ததை நினைவுகூர்ந்தார். அந்த வடவன்னூர் வீட்டில் பின்னாளில் அங்கன்வாடி நடந்தது.

எந்தச் சங்கீதப் பள்ளியும் இல்லை

அட்டப்பாடியின் நஞ்சியம்மா ஓர் இருளர் பெண். ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் அவரே இயற்றி இருளர் மொழியில் பாடிய பாட்டுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. 2022 செப்டம்பர் 30 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவின் கையால் வாங்கினார். அவர் பாட்டைக் கற்றது தம் மக்களிடம். முறையாகச் சங்கீதம் பயிலாதவருக்கு இந்த விருதா என்று கேரளத்தில் அப்போது ஒரு வாதம் கிளம்பியது. பெயர்பெற்ற இசைக் கலைஞர்கள் பலர் நஞ்சியம்மாவின் பக்கம் நின்றார்கள். நானும் அந்தப் பக்கம்தான்: ஒரு மக்களின் மொழியையும் தாளத்தையும் தொண்டையில் சுமந்து வந்தவரிடம் வேறென்ன சான்றிதழ் கேட்பது?