எந்த மாதத்து வண்டி?

முன்னால் லாரிச் சக்கரம். பின்னால் டாங்கியின் சங்கிலிப் பட்டை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் காலாட்படையை டாங்கிகளுக்குப் பின்னாலேயே ஏற்றிச்சென்ற ‘251’ ஹாஃப்-டிராக், ஹானோவர் நகரின் ஹனோமாக் நிறுவனம் தந்த அடிச்சட்டத்தின் மேல் உருவானது. 15,000-க்கும் அதிகமாகச் செய்தார்கள். 5.8 மீட்டர் நீள வண்டி, மாடல் கட்டுபவர்களுக்குப் பழகிய 1/35 அளவில் பதினாறரை சென்டிமீட்டர்தான்.

பெட்டியைப் பிரித்ததும் பசையைத் தேடாதீர்கள். முதலில் தேதியை முடிவு செய்யுங்கள். ‘251’ என்பது ஒரே வண்டி அல்ல; ஏ, பி, சி, டி என நான்கு வகை. 1943-இல் வந்த டி வகையில், வேலையைக் குறைப்பதற்காக மடிப்புள்ள பின்பக்கத்தை நேர்த் தகடாக்கிவிட்டார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் அடர் சாம்பல் நிறத்தைக் கைவிட்டு அடர் மஞ்சளுக்கு மாறும் உத்தரவு வந்தது. ஆகவே சாம்பல் பூசிய டி வகை அழகாக இருக்கலாம், சரித்திரத்தில் இல்லை. மஞ்சள் பூசிய பழைய சி வகை சரியே. கீறல் விழுந்த இடத்தில் அடியிலிருக்கும் சாம்பலைக் காட்டினால் இன்னும் சரி. மேலே தெரியும் பச்சையும் செம்பழுப்பும், பசைபோல் வந்த வண்ணத்தைப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்துப் படையினரே அடித்துக்கொண்டவை. அதனால் ஒரு வண்டியின் கோலம் இன்னொன்றில் இருக்காது. இங்கே கை கொஞ்சம் கோணலாகப் போனாலும் குற்றமில்லை.

தகட்டின் தடிமன்தான் பெரிய தொல்லை. நிஜ வண்டியின் பக்கத் தகடு 8 மில்லிமீட்டர்; 1/35-இல் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. அத்தனை மெல்லிய பிளாஸ்டிக்கை வார்க்க முடியாது. ஒரு மில்லிமீட்டர் கனத்தில் வார்த்தாலே நிஜத்தில் 35 மில்லிமீட்டர் கவசம் என்றாகிவிடும்; முன்பக்கத்தில்கூட இருந்தது 14.5-தான். கூரை இல்லாத வண்டியாதலால் விளிம்பு முழுவதும் கண்ணில் படும். அந்த விளிம்பை மட்டும் உட்புறமாக உப்புத்தாளால் சரித்துத் தேய்த்தால் போதும், கண் ஏமாந்துவிடும்.

நேரில் பார்த்துப் படமெடுத்தேன் என்பதையும் உடனே நம்பிவிடக் கூடாது. போருக்குப் பிறகு செக்கோஸ்லோவாகியா இதே வடிவத்தில் ஓடி-810 என்ற வண்டியை டாட்ரா டீசல் எஞ்சினோடு தயாரித்தது. சினிமாவிலும் போர்க் கண்காட்சிகளிலும் ஜெர்மன் வேடமிட்டு ஓடுபவை பெரும்பாலும் அவைதான்.

துரு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பத்து மழைக்காலம் வெளியே கிடந்ததுபோல் வண்டி முழுக்கத் துரு ஏற்றுகிறார்கள். போர்முனையில் பல வண்டிகள் அவ்வளவு காலம் பிழைக்கவே இல்லை. புழுதியும் சேறும் தாராளமாக இருக்கட்டும். துருவை சைலன்ஸரோடு நிறுத்திக்கொள்ளலாம்.